நல்வடிவமும் ஏற்புடைமையும்: சங்கத் தொகைநூல்களை எக்ஸ்எம்எல் ஆவணமாக்குவதில் வடிவத்திட்டத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ் நூல்களை எக்ஸ்எம்எல் ஆவணங்களாக்கும் பணியில் வடிவத்திட்டம் முன்னதாகவே தேவையா, நல்வடிவம் ஒன்றே போதுமா என்னும் வினா தொழில்நுட்ப வினாவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அது பதிப்பியல் வினாவும் ஆகும் என்பதை இக்கட்டுரை குறுந்தொகை, அகநானூறு, ஐங்குறுநூறு ஆகிய தொகைநூல்களின் அமைப்பைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. மரபு வகுத்த இலக்கணத்தை வடிவத்திட்டத்தின் கட்டாய விதியாக்கினால் பாடம் சிதையும் என்பதும், வடிவத்திட்டத்தை முற்றும் கைவிட்டால் தரவு ஒப்பிடத் தகாததாகும் என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் மாற்றாக மூன்றடுக்கு முறை ஒன்று முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எக்ஸ்எம்எல், நல்வடிவம், ஏற்புடைமை, வடிவத்திட்டம், குறுந்தொகை, வகையுளி, மின்பதிப்பு

முன்னுரை

1998ஆம் ஆண்டு தமிழ் மின்னுரை வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டுப் பொங்கலை ஒட்டி மதுரைத் திட்டம் தன் பணியைத் தொடங்கியது. பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. முன்னது தமிழ் நூல்களைத் திரையில் படிக்கத் தந்தது. பின்னது நூலின் அமைப்பையே கணினி அறியுமாறு எழுதும் வழியைத் தந்தது. படிப்பதற்கான மின்னுரையில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருப்பது தெரியும். அது தலைப்பா, புலவர் பெயரா, கூற்றுக் குறிப்பா என்பது மனிதக் கண்ணுக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. இவ்வேறுபாட்டைக் கணினிக்கு உணர்த்துவதே குறியேற்றம் ஆகும்.

இன்று முனைவர் பட்ட ஆய்வுகள் பலவற்றில் தரவுத்தொகுப்பு ஒரு பகுதியாக இடம்பெறுகிறது. ஆயின் அத்தொகுப்பு எவ்வாறு அமைக்கப்பட்டது, எந்த விதிகளுக்கு உட்பட்டது என்பது ஆய்வேட்டில் விவாதிக்கப்படுவது அரிது. அவ்விவாதத்தைத் தொடங்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்வடிவமும் ஏற்புடைமையும்

எக்ஸ்எம்எல் ஆவணம் ஒன்றிற்கு இரு நிலைத் தகுதிகள் உண்டு. முதலாவது நல்வடிவம். ஆவணம் முழுவதையும் அடக்கும் மூல உறுப்பு ஒன்றே இருத்தல், திறந்த குறிச்சொல் ஒவ்வொன்றும் மூடப்படுதல், ஓர் உறுப்பினுள் தொடங்கிய உறுப்பு அதனுள்ளேயே முடிதல், பண்பின் மதிப்பு மேற்கோள் குறிக்குள் அமைதல், ஓர் உறுப்பில் ஒரே பண்பு இருமுறை வாராமை ஆகியன இதன் முதன்மையான விதிகள். இரண்டாவது ஏற்புடைமை. எந்த உறுப்பு எங்கு வரலாம், எத்தனை முறை வரலாம், எந்தப் பண்பு எந்த மதிப்பைப் பெறலாம் என முன்கூட்டி வகுத்த வடிவத்திட்டத்திற்கு, அதாவது ஸ்கீமாவிற்கு, ஆவணம் இணங்குவது இது.

வடிவத்திட்டத்தை எழுதும் மொழிகள் பல. எக்ஸ்எம்எல் 1.0இலேயே இடம்பெற்றது டிடிடி. 2001இல் எக்ஸ்எம்எல் ஸ்கீமா பரிந்துரையாயிற்று. அதே ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க், முராடா மகோடோ ஆகியோரின் முயற்சியில் ரிலாக்ஸ் என்ஜி உருவாயிற்று. ரிக் ஜெலிஃப் உருவாக்கிய ஸ்கீமட்ரான், உறுப்புகளின் வரிசையை வகுக்காமல், ஆவணத்தைப் பற்றிய கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேறொரு நெறியைப் பின்பற்றியது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நல்வடிவப் பிழையைக் கண்டால் பகுப்பி தன் இயல்பான செயற்பாட்டைத் தொடரக்கூடாது என எக்ஸ்எம்எல் 1.0 விதிக்கிறது, அது மீட்க இயலாப் பிழை. ஏற்புடைமைப் பிழைக்கு அத்தகைய தடை இல்லை. அதை அறிவித்துவிட்டுப் பகுப்பி தொடரலாம். முன்னதில் ஆவணமே இல்லை என்றும், பின்னதில் ஆவணம் உண்டு, எதிர்பார்ப்பிலிருந்து வேறுபடுகிறது என்றும் தரவரையே வேறுபடுத்துகிறது. நடைமுறையில் இவ்வேறுபாடு மறக்கப்படுகிறது. திருத்திச் செயலியின் சிவப்புக் கோடு இரண்டிற்கும் ஒன்றே. அக்கோட்டை நீக்குவதே பணி என்று எண்ணும் மனநிலையிலிருந்துதான் இனிக் கூறப்படும் சிக்கல்கள் தோன்றுகின்றன.

தமிழ்க் குறிச்சொற்களும் நல்வடிவமும்

எக்ஸ்எம்எல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் குறிச்சொற்களைத் தமிழிலேயே அமைக்கலாம்.

<பாடல் எண்="307">
  <அடி>…</அடி>
</பாடல்>

இது முற்றிலும் நல்வடிவமுடையது. எனினும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அடையாளமாகப் பயன்படும் பெயர் எண்ணால் தொடங்கலாகாது; ஆகவே 307 என்பதை அடையாளமாக்க இயலாது, குறு307 என்பதை ஆக்கலாம். ஒருங்குறியில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரம், எக்ஸ்எம்எல் 1.0இன் முதல் நான்கு பதிப்புகளின்படி குறிச்சொற் பெயரில் வர இயலாது. 2008இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே பெயர் விதியைத் தளர்த்தியது.

இவற்றினும் நுட்பமானது ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களின் குறியேற்றம். தொகை என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம்; கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எக்ஸ்எம்எல் பகுப்பி இவற்றை ஒன்றாகக் கருதாது. தொடக்கக் குறிச்சொல் ஒருவகையிலும் முடிவுக் குறிச்சொல் மற்றொரு வகையிலும் தட்டச்சாகியிருந்தால், கண்ணுக்குப் பிழையே தெரியாத ஆவணம் நல்வடிவமற்றது என்று மறுக்கப்படும். ஆதலின் இயல்பாக்கம் செய்யப்பட்ட ஒரே வடிவில் எழுதுவது தமிழ் ஆவணத்திற்கு முதல் ஒழுங்கு. இவ்வொழுங்கிற்கு வடிவத்திட்டம் தேவையில்லை, விழிப்புணர்வே தேவை.

மரபிலக்கணம் விதியாகும்போது நேர்வது

குறுந்தொகைப் பாடல்களின் அடியளவு 4 முதல் 8 என்பது மரபு. வடிவத்திட்டம் எழுதுவோர்க்கு இது கவர்ச்சியான விதி. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் அடி என்னும் உறுப்பின் சிறும எண்ணிக்கை 4, பெரும எண்ணிக்கை 8 என இரு மதிப்புகளால் இதனை எழுதிவிடலாம். டிடிடியில் எண்ணிக்கை வரம்பு இல்லாமையால் கட்டாய அடி நான்கையும் எழுதி, விருப்ப அடிகளை அடைப்புக்குள் அடைப்பாக அமைக்க வேண்டும்; ரிலாக்ஸ் என்ஜியிலும் இவ்வாறே விரித்தெழுத வேண்டும். எம்மொழியிலாயினும் விதி எழுதத்தக்கதே.

இவ்விதியை எழுதிக் குறுந்தொகை முழுவதையும் சோதித்தால் இரு பாடல்கள் பிழை எனக் காட்டப்படும். 307ஆம் பாடலும் 391ஆம் பாடலும் 9 அடிகளைக் கொண்டவை. இக்கட்டுரையாளர் தம் ஆய்விற்காக முதன்முறை குறியேற்றம் செய்தபோது இப்பிழைச் செய்தியைக் கண்டு, வரிமுறிப்பில் நேர்ந்த தட்டச்சுப் பிழை எனக் கருதினார். பாடல் ஒன்றில் இரண்டடிகளை ஓரடியாக இணைத்தார். பிழைச் செய்தி மறைந்தது. பல மாதங்களுக்குப் பின் அடிதோறும் சீர்களை எண்ணும் பணியில், ஓரடியில் எட்டுச் சீர்கள் இருப்பதைக் கண்ட பின்னரே அச்சிட்ட பதிப்புடன் ஒப்பிட்டுத் தவற்றை உணர்ந்தார். சோதிப்பு முறை, பிழையில்லாப் பாடத்தில் பிழையைப் புகுத்தி, அதற்கு ஏற்புடையது என்னும் முத்திரையையும் தந்துவிட்டது.

இது தனியொருவரின் கவனக்குறைவு மட்டுமன்று. குறுந்தொகை நானூறு என வழங்கப்பட்டாலும் கடவுள் வாழ்த்து நீங்கலாக அதன்கண் 401 பாடல்கள் உள்ளன. இம்மிகை எண்ணும் 9 அடிப் பாடல்களும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவை. இடைச்செருகல் உண்டோ என்னும் வினா இங்குத்தான் எழுகிறது. அவ்வினாவிற்குரிய சான்றையே மேற்கூறிய விதி பிழை என்று பெயரிட்டு அழிக்கத் தூண்டுகிறது. பதிப்பாசிரியர் ஒருவர் ஓலையில் கண்ட ஒன்பதாம் அடியை மரபிற்கு மாறானது என்று நீக்கியிருப்பின் நாம் அவரைக் கண்டிப்போம். அதே செயலை வடிவத்திட்டம் செய்யும்போது அதைத் தரக்கட்டுப்பாடு என்கிறோம்.

கிடைக்காத பாடல்களின் நிலையும் இத்தகையதே. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்களும் நற்றிணையில் 234ஆம் பாடலும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. பாடல் என்றால் அடிகள் இருந்தே ஆக வேண்டும் என்னும் வடிவத்திட்டத்தில் இவற்றிற்கு இடமில்லை. ஆதலின் குறியேற்றுபவர் அவற்றை விட்டுவிடுவார். விட்டுவிட்டால் ஐங்குறுநூறு 498 பாடல்களைக் கொண்ட நூலாகக் கணினிக்குத் தோன்றும். பத்துப்பத்தாகப் பகுக்கும் நிரல் 128க்கு அடுத்து 131ஐ எடுத்துக்கொண்டு, அதன்பின் வரும் பத்துகள் அனைத்தையும் இரண்டிரண்டு பாடல்கள் பிறழ வைக்கும். இழப்பையும் உறுப்பாகக் குறிப்பதே முறை.

<பாடல் எண்="129"><இழப்பு/></பாடல்>

பாடல் என்பது அடிகளையேனும் இழப்பையேனும் கொண்டது என வடிவத்திட்டம் கூற வேண்டும். நூலைப் படித்த பின்னரே இவ்விதியை எழுத இயலும். நூலைப் பற்றிய பொது அறிவிலிருந்து எழுத இயலாது.

எண் என்னும் பண்பும் தோன்றும் அளவிற்கு எளிதன்று. புறநானூற்றில் கடவுள் வாழ்த்தே முதற்பாடலாக எண்ணப்படுகிறது. குறுந்தொகை, அகநானூறு முதலியவற்றில் அது எண்ணிற்குப் புறம்பானது. எல்லாத் தொகைநூல்களுக்கும் ஒரே வடிவத்திட்டத்தை எழுதி, எண் கட்டாயம் எனக் கூறினால், ஒரு நூலில் உண்மையாகும் விதி மற்றொரு நூலில் பொய்யான எண்ணைப் படைக்கச் செய்யும்.

சீரும் சொல்லும்: படிநிலையின் எல்லை

மேற்கூறியவை விதியைத் தளர்த்தினால் தீர்வன. எக்ஸ்எம்எல்லின் அடிப்படையோடே முரணும் சிக்கல் ஒன்று உண்டு. 1990இல் ஸ்டீவன் டிரோஸ், டேவிட் டியூரண்ட், எல்லி மைலோனஸ், ஆலன் ரெனியர் ஆகிய நால்வர், உரை என்பது உள்ளடக்கப் பொருள்களின் வரிசைப்பட்ட படிநிலை என்னும் கருத்தை முன்வைத்தனர். நூல், இயல், பத்தி, தொடர் என ஒன்றினுள் ஒன்று அடங்குவதே உரையின் இயல்பு என்பது அதன் சாரம். பின்னர் அவர்களே, ஓர் உரையில் ஒன்றையொன்று வெட்டும் படிநிலைகள் பல இருக்கலாம் என ஏற்றுத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டனர்.

தமிழ் யாப்பை அறிந்தோர்க்கு இத்திருத்தம் வியப்பளிக்காது. வகையுளி என நம் யாப்பியலார் கூறுவது இதனையே. சீரின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஒன்றாக வேண்டும் என்பதில்லை. தளை கெடாதிருக்கச் சொல்லைப் பிளந்து சீராக்குவது இயல்பு. விளக்கத்திற்காக இங்கு அமைக்கப்பட்ட வெண்பா ஈற்றடி ஒன்றைக் காண்க: பாடல்கற் றார்க்குப் பயன். சீர்கள் மூன்று: பாடல்கற், றார்க்குப், பயன். சொற்களும் மூன்று: பாடல், கற்றார்க்குப், பயன். எண்ணிக்கை ஒன்றாயினும் எல்லை வேறு. இரண்டையும் உறுப்பாக்கினால் பின்வருமாறு அமையும்.

<சீர்><சொல்>பாடல்</சொல><சொல்>கற்</சீர்><சீர்>றார்க்குப்</சொல்></சீர்>

இதில் இரு பிழைகள் உள்ளன. முதற் சொல்லின் முடிவுக் குறிச்சொல்லில் ஒரு புள்ளி விடுபட்டுள்ளது. அது எழுத்துப் பிழை, எளிதில் திருத்தலாம். மற்றொன்றைத் திருத்த இயலாது. கற்றார்க்கு என்னும் சொல் ஒரு சீரினுள் தொடங்கி மற்றொரு சீரினுள் முடிகிறது. நல்வடிவ விதி இதை ஒருபோதும் ஏற்காது. இங்குக் குறை ஆவணத்தினுடையதும் அன்று, பாடலினுடையதும் அன்று. படிநிலை என்னும் வடிவத்தினுடையது.

வழிகள் மூன்று. ஒன்று, சீரின் எல்லையை வெற்று உறுப்பால் குறிப்பது.

<சொல்>பாடல்</சொல்><சொல்>கற்<சீர்எல்லை/>றார்க்குப்</சொல்><சீர்எல்லை/><சொல்>பயன்</சொல்>

இரண்டு, சொல்லை இரு துண்டுகளாக்கி, முன், பின் என்னும் பண்புகளால் இணைப்பது. மூன்று, பாடத்தை ஒரு கோப்பிலும் பகுப்பாய்வை மற்றொரு கோப்பிலும் வைத்து, எழுத்தின் இடத்தைச் சுட்டி இணைப்பது. உரைக்குறியேற்றத்திற்கான டிஇஐ நெறிமுறைகள் இம்மூன்றையும் விளக்குகின்றன. முதல் வழியில் சொல் படிநிலையைப் பெறுகிறது. சீர் வெறும் புள்ளியாகிறது. விளைவாக, ஒவ்வோர் அடியிலும் எத்தனை சீர்கள் என்பதை வடிவத்திட்டத்தால் நேரடியாகச் சோதிக்க இயலாது. எல்லைகளை எண்ணியே அறிய வேண்டும். சீரைப் படிநிலையாக்கினால் சொல்லடைவு உருவாக்குவது கடினமாகும். எதை உறுப்பாக்குவது, எதைப் புள்ளியாக்குவது என்னும் தேர்வு, இலக்கணத்தில் எதை முதன்மையாகக் கொள்கிறோம் என்னும் தேர்வே ஆகும். அத்தேர்வை ஆய்வேடு வெளிப்படையாகக் கூற வேண்டும்.

வடிவத்திட்டம் இன்மையின் விலை

இவற்றைக் கொண்டு வடிவத்திட்டமே வேண்டா எனக் கூறுவதும் பொருந்தாது. நல்வடிவம் மட்டும் உடைய ஆவணத்தில் ஒருவர் அடி என்றும் மற்றொருவர் வரி என்றும் குறியிடலாம். பகுப்பி இரண்டையும் ஏற்கும். கூற்று என்னும் உறுப்பில் ஓரிடத்தில் தலைவி என்றும், மற்றோரிடத்தில் தலைவி கூற்று என்றும், வேறோரிடத்தில் கிழத்தி என்றும் இருப்பின், தலைவி கூற்றுப் பாடல்கள் எத்தனை என்னும் எளிய வினாவிற்கும் தவறான விடையே கிடைக்கும். இப்பிழை எங்கும் சிவப்புக் கோடாகத் தோன்றாது. ஆய்வேட்டின் அட்டவணையில் எண்ணாகவே தோன்றும். எண்ணிற்குரிய மதிப்பை நாம் அதற்குத் தந்துவிடுவோம்.

மேலும், கூற்றுக் குறிப்பு பாடலின் பகுதி அன்று. பின்வந்தோர் எழுதிய குறிப்பு. உரையாசிரியர்கள் கூற்றில் வேறுபடும் இடங்களும் உண்டு. எனவே கூற்று என்னும் உறுப்பிற்குப் பொறுப்பு என்னும் பண்பைக் கட்டாயமாக்கி, யார் கூறியது என்பதைப் பதியச் செய்வது வடிவத்திட்டத்தால் மட்டுமே இயலும். குறியேற்றுபவரை ஒரு வினாவிற்கு விடை கூற வைக்கும் இத்தகைய விதியே நல்ல விதி. பாடத்தை மாற்ற வைக்கும் விதி தீய விதி.

விதியைக் கூற்றாகக் காணல்

மரபிலக்கணத்தை விதியாக்கலாகாது என்றால் அதைச் சோதிக்கவே வழியில்லையா எனின், உண்டு. அகநானூற்றின் அமைப்பு இதற்குச் சிறந்த சான்று. அதன் 400 பாடல்களும் எண்முறையால் திணை வகுக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 ஆகியவற்றில் முடிவன குறிஞ்சி. 4இல் முடிவன முல்லை. 6இல் முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். இதனால் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தனித்தனி 40 ஆகின்றன.

ஒரு பண்பின் மதிப்பு மற்றொரு பண்பின் மதிப்பைப் பொறுத்தது என்னும் இத்தொடர்பை டிடிடியால் கூற இயலாது. 2001இன் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவாலும் இயலாது. ஸ்கீமட்ரானில் இது ஓரிரு வரிகளில் அடங்கும்: பாடலின் எண்ணை இரண்டால் வகுக்க மீதி ஒன்று எனின் திணை பாலையாதல் வேண்டும் என்பதே கூற்று. கூற்று பொய்யாகும் இடத்தில், குறியேற்றுபவரே எழுதிய செய்தி வெளிப்படும். அச்செய்தியைப் பிழை என்றும் எழுதலாம். அச்சுப் பதிப்புடன் ஒப்பிடுக என்றும் எழுதலாம். குறுந்தொகையின் அடியளவையும் இவ்வாறே எழுதினால், 307, 391ஆம் பாடல்கள் மறுக்கப்படாமல் சுட்டப்படும். தொகுத்தோரின் அளவிற்கும் கிடைத்த பாடத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆய்வாளரின் பார்வைக்கு வரும்; அழிந்துபோகாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்றடுக்கு முறை ஒன்றை முன்வைக்கலாம். முதலடுக்கு நல்வடிவம். ஒரே வகை ஒருங்குறி வடிவம், பயன்படுத்தும் குறிச்சொற்களின் சிறு பட்டியல், ஒவ்வொன்றின் பொருள் விளக்கம் ஆகியவற்றோடு நூலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து சில பாடல்களைக் குறியேற்றிப் பார்ப்பது இந்நிலை. விதிவிலக்கான பாடல்களும் சிதைந்த பாடல்களும் அம்மாதிரியில் கட்டாயம் இடம்பெற வேண்டும். இரண்டாமடுக்கு, அம்மாதிரியிலிருந்து வருவிக்கப்படும் நெகிழ்வான வடிவத்திட்டம். பெயர்களின் ஒருமையையும் பொறுப்பைப் பதிவதையும் அது கட்டாயமாக்க வேண்டும். அடியளவு, சீரளவு, பாடற்றொகை ஆகியவற்றைக் கட்டாயமாக்கலாகாது. மூன்றாமடுக்கு, மரபு கூறும் அளவுகளையும் வகைப்பாடுகளையும் கூற்றுகளாக எழுதிச் சோதித்து, விலகல்களைப் பட்டியலிடுவது. அப்பட்டியல் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும்.

இம்முறைக்கு உழைப்பு மிகுதி என்னும் மறுப்பு எழலாம். தனியொருவர் ஒரு நூலை ஓராய்விற்காக மட்டும் குறியேற்றும்போது முதலடுக்கே போதியதாகலாம். ஆயின் அக்கோப்பு பிறர்க்கு வழங்கப்படும் நாளில், குறிச்சொற்களின் பொருளைக் கேட்க ஆசிரியர் அருகில் இருக்கமாட்டார். ஓலைச்சுவடியை எழுதியோர் தம் வழக்குகளை விளக்கி எழுதாமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட இடரை நாம் அறிவோம். நம் கோப்புகளைப் பின்வருவோர் அதே நிலையில் அணுகும்படி விடுவதற்குக் காரணம் எதுவுமில்லை.

வடிவத்திட்டம் உண்டா இல்லையா என்பதைவிட, ஆவணமும் வடிவத்திட்டமும் முரணும்போது எதை நம்புவது என்பதே முதன்மையான வினா. பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை விடை ஐயத்திற்கு இடமற்றது. பாடத்தை முதலில் நம்ப வேண்டும். விதியை அதன்பின் திருத்த வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தை மறைக்காமல் பதிய வேண்டும்.